ஐஸ்கட்டி அக்காவின் கோழிகள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அக்காவுக்கு ஐஸ்கட்டி. இருபத்திரண்டு வருடம் அந்த அறையில் போன் எடுத்தவர். மறுமுனையில் யார் எப்படிக் கதறினாலும் அவர் குரல் ஒரு நூல் ஏறாது, ஒரு நூல் இறங்காது. "சரி, நான் இருக்கேன். நீங்க எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்பார். கதறிக்கொண்டிருந்தவர் தெருப்பெயரைச் சொல்லிவிடுவார்.

பதினோரு வருடம் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்த எனக்குத் தெரியும், அந்த ஐஸ்கட்டி மேசைக்கு மேலே மட்டும்தான். மேசைக்கு அடியில் அவர் கால் தையல் மெஷினை மிதிப்பதுபோல ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு அழைப்பு முடிந்ததும் எழுந்து தண்ணீர்க் கேன்வரை போவார். குடிக்காமலே திரும்பி வருவார். மறுபடி மணி அடிக்கும். மறுபடி அதே குரல்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவருடைய வலது காதில் ஓர் இரைச்சல் ஆரம்பித்தது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அது. நிற்கவே இல்லை. காது டாக்டர் இனி ஹெட்போன் மாட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆபீசில் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். அங்கே எட்டு நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் ராஜினாமா கடிதத்தோடு மாடிக்கு வந்து, எனக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போனார். அந்த அறையில் யாருமே பேசாததுதான் பிரச்சினை என்று பிறகு சொன்னார். வெளியே சத்தம் இல்லையென்றால் காதுக்குள்ளே இருப்பது இரட்டிப்பாகிறதாம்.

அவருடைய கணவர் ஓர் அச்சகத்தில் பைண்டர். நாங்கள் பைண்டர் மாமா என்போம். பசை தடவிய புத்தகத்தைப் பலகைக்கு நடுவே வைத்து, அது காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள். ஒரே மகள் வேறு ஊரில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆக, பகல் முழுக்க அந்த வீட்டில் அக்கா மட்டும். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துவைக்கிற கல்லும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு கொய்யா மரமும் இருக்கிற கொல்லை. முதல் வாரத்தில் எல்லாப் பாத்திரங்களையும் தேய்த்தார். இரண்டாவது வாரம் அலமாரிகளை மாற்றி அடுக்கினார். மூன்றாவது வாரம் அலமாரிகளையே இடம் மாற்றினார். மாமா ஒருநாள் வேலைக்குக் கிளம்பச் சட்டை தேடி, அது கிடைக்காமல், மகளுக்கே போன் பண்ணிக் கேட்டாராம், உங்கம்மா துணியை எங்கே வைப்பாளென்று உனக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று.

அந்தச் சமயத்தில்தான் அச்சகத்து வாட்ச்மேன் வீடு காலி செய்துகொண்டு போனார். அவர் வளர்த்த செம்பட்டை நிறக் கோழி ஒன்றை எங்கேயும் கொண்டுபோக முடியவில்லை. மாமா ஓர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அதை வீட்டுக்குக் கொண்டு வந்தார். கூடவே புத்தக ஓரம் வெட்டும்போது விழுகிற காகித நறுக்கு ஒரு சாக்கு. கீழே பரப்பினால் மெத்தென்று இருக்கும் என்று.

செம்பட்டைக் கோழி இரண்டு வாரம் கொல்லையைச் சுற்றிப் பார்த்தது. ஒருநாள் காகித நறுக்குப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்று மாமாதான் சொன்னார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனார். ஒரு டஜன் முட்டை வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதி, கோழிக்கு அடியில் வைத்தார்.

இருபத்தோரு நாள். அன்றைக்கு நான் விடுமுறை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். குஞ்சு பொரிப்பதை நானும் பார்த்ததில்லை. ஒன்றும் நடக்கவில்லை. இருபத்திரண்டிலும் நடக்கவில்லை. இருபத்தைந்தாம் நாள் காலையில் கோழிக்கு அடியில் ஒரு முட்டை டப்பென்று வெடித்து, மூன்று வீட்டுக்கு நாற்றம் போனது. அக்கா மீதிப் பதினொன்றையும் ஒரு வாளியில் வைத்து, வாளியை எட்டப் பிடித்தபடி சந்தைக்குப் போய், முட்டைக்காரர் முன்னால் வைத்தார்.

முட்டைக்காரர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். எங்கே வாங்கியது என்று கேட்டார். கடையில் என்றதும் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார்.

"இது சமையலுக்கு வர்ற முட்டைம்மா. இதைப் போட்ட கோழி சேவலோட முகத்தையே பாத்திருக்காது. நீங்க ஒரு வருஷம் அடை வச்சாலும் கூமுட்டைதான்."

அன்று சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி அக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டார். எதையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் கேட்கவேண்டிய முதல் கேள்வி 'எங்கே' என்பது, அதை இருபத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் கேட்டேன், எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் போனை வைத்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

கோழி இன்னும் அடையை விட்டு எழவில்லை. முட்டைக்காரர் தன் உறவினர் வீட்டிலிருந்து, சேவலோடு திரிகிற கோழிகளின் முட்டை பத்து வாங்கிக் கொடுத்தார். இந்த முறை உள்ளே உயிர் இருக்கிறது என்பது எட்டாம் நாளே தெரிந்தது. அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்துக்கு மேல் முட்டையைப் பிடித்தால், சிலந்தி கால் விரித்ததுபோல் சிவப்பு நரம்புகள். நடுவில் ஒரு கரும்புள்ளி. அது துடித்தது. அக்கா அதைப் பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாளும் பார்த்தார். அன்று மத்தியானமும் பார்த்தார். கோழியைத் தூக்குவது, முட்டையை எடுப்பது, வெளிச்சத்தில் பிடிப்பது, திரும்ப வைப்பது. கையெல்லாம் கொத்து வாங்கிய காயம். மாமா அதைப் பார்த்து மருந்து தடவினார்.

பதினாறாம் நாள் கோழி எழுந்து போய்விட்டது. காலையில் தீனிக்கு இறங்கிய கோழி திரும்பப் பெட்டிக்கு வரவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அக்கா அதைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார், இறங்கியது. மறுபடி வைத்தார், இறங்கியது. பெட்டியைக் கல்லுக்குப் பின்னால் கொண்டுபோனார், அது கொய்யா மரத்தடிக்குப் போனது. முட்டைகளைத் துணியில் சுற்றி, வெந்நீர்ப் பையை அணைத்து வைத்து இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் டார்ச் அடித்தபோது எதிலும் அசைவு இல்லை.

நான் போனபோது கொல்லையில் குந்தி உட்கார்ந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் இறகோடு, அலகோடு, நகத்தோடு முழுக் குஞ்சு. வேண்டாம் அக்கா, அப்படியே புதைத்துவிடலாம் என்றேன்.

"இல்ல. எந்த நாள்ல நின்னுச்சுன்னு தெரியணும்" என்றார்.

அப்போதுதான் அவர் மேசைக்கடியில் கால் ஏன் ஆடியது என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தமாதிரி இருந்தது. எங்கள் வேலையில் முடிவு தெரியாது. வண்டி போய்ச் சேர்ந்ததும் போனை வைத்துவிடுவார்கள். அந்தக் குழந்தை பிழைத்ததா, அந்தப் பெரியவர் கண் திறந்தாரா, யாரும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. நாங்களும் கேட்கக்கூடாது. ஒருதடவை அக்கா ஒரு கணவனோடு நாற்பது நிமிடம் லைனில் இருந்தார். மனைவிக்குப் பிரசவம், வண்டி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. கடைசியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, லைன் அறுந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போனார். எந்த வீடு என்று தெரியாது. கொடியில் குழந்தைத் துணி காய்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவாராம்.

நாற்பது நாளுக்கு மேல் அடையில் உட்கார்ந்த கோழி இளைத்துப்போயிருக்கும், அதனால் எழுந்திருக்கும் என்று முட்டைக்காரர் சமாதானம் சொன்னார். அக்கா அதை ஏற்கவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அது இருந்திருக்கும் என்றார். சும்மா இருப்பது எப்படி என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

இதை மகளிடம் யார் சொன்னதோ, அவள் ஓர் இன்குபேட்டர் அனுப்பிவிட்டாள். இருபத்துநான்கு முட்டை வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் கண்ணாடி மாதிரி ஜன்னல், உள்ளே சின்ன விசிறி. கொத்தாது, உறுமாது, எழுந்து போகாது. முன்னறை மேசைமேல் வைத்து, முட்டைக்காரர் மூலமாக மறுபடி இருபத்துநான்கு முட்டை வாங்கி உள்ளே அடுக்கினார்கள். பெட்டியில் காட்டுகிற சூட்டை நம்பலாமா என்று அக்காவுக்குச் சந்தேகம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கினார், அது ஒரு டிகிரி கூடக் காட்டியது. இன்னொன்று வாங்கினார், அது அரை டிகிரி குறைத்துக் காட்டியது. மூன்று சாட்சி, மூன்று வாக்குமூலம் என்றார் மாமா. கடைசியில் மகள் தன் பரிசோதனைக் கூடத்திலிருந்து சரிபார்த்த தெர்மாமீட்டர் ஒன்றைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். அதற்குள் ஐந்து நாள் முட்டைகள் தேவைக்கு மேல் சூட்டில் இருந்திருக்கின்றன.

எட்டாம் நாள் பார்த்ததில் ஐந்து முட்டை வெறும் மஞ்சளாக இருந்தது. மீதி பத்தொன்பது. பத்தொன்பதாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, நான் வேலையில் இருந்தபோது, என் கைப்பையில் போன் அதிர்ந்தது. நாங்கள் வேலை நேரத்தில் சொந்தப் போன் எடுக்கக்கூடாது. மூன்றாம் தடவை அதிர்ந்ததும் பக்கத்துப் பெண்ணிடம் கை காட்டிவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

கரண்ட் போய்விட்டது என்றார். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூச்சு வாங்கியது. சூடு இறங்குகிறது, முப்பத்தாறு, முப்பத்தைந்தரை, மூடியைத் திறந்து கையால் அணைத்துப் பிடிக்கட்டுமா, பக்கத்து வீட்டிலும் இல்லை, எப்போது வருமென்று தெரியவில்லை, கொதிக்கிற தண்ணீரை உள்ளே வைக்கட்டுமா. பதினோரு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவரிடமிருந்தே கற்றதை எடுத்துப் பேசினேன்.

"சரிக்கா, நான் இருக்கேன். மூடி இப்ப மூடியிருக்கா?"

"மூடியிருக்கு."

"அதைத் தொடாதீங்க. வீட்ல கம்பளி எத்தனை இருக்கு?"

கம்பளி இரண்டு இருந்தது. பெட்டியைச் சுற்றிப் போர்த்தச் சொன்னேன். வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி வெளியே சாய்த்து வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு வந்து, செய்தாச்சு, அடுத்து என்று கேட்டார். அடுத்து ஒன்றும் இல்லை என்றேன். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஏதாவது சொல்லு என்றார். ஜன்னலோரம் போய் உட்காருங்கள், தெருவில் எந்த வீட்டில் முதலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினேன். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. மாமா அதற்கு முன்பே அச்சகத்தில் அனுமதி கேட்டுச் சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டார்.

இருபத்தோராம் நாள் காலையில் அக்கா தன் நல்ல காதை, இடது காதை, பெட்டி ஜன்னலில் வைத்துக் கேட்டார். உள்ளிருந்து கீச்சென்று ஒன்று. ஒரு முட்டையில் கடுகளவு ஓட்டை விழுந்திருந்தது. பிறகு மணிக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஓட்டைக்குள் அலகு நுனி மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. குஞ்சு ஓட்டை போட்டபின் ஒரு நாள்கூட அப்படியே இருக்கும், அது தானாக வரவேண்டும், உதவி செய்யக்கூடாது என்று முட்டைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மத்தியானம்வரை அக்கா தாங்கினார். பிறகு மூடியைத் திறந்து, அந்த முட்டையை எடுத்து, ஓட்டின் ஓரத்தை நகத்தால் கொஞ்சமாகப் பிய்த்தார். உள்தோலில் இருந்த நரம்பு அறுந்து ரத்தம் வந்தது. துணியால் ஒற்றினார், நிற்கவில்லை. குஞ்சு அவருடைய உள்ளங்கையிலேயே தலையைத் தொங்கப் போட்டது.

மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அதைக் கையில் வைத்தபடியேதான் உட்கார்ந்திருந்தார். மாமா அதை வாங்கி, கொல்லையில் குழி தோண்டி வைத்தார். கையைக் கழுவினார். தன் வேலைப் பையிலிருந்து பைண்டிங் துணிப் பட்டையையும் பசையையும் எடுத்து வந்தார். காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிட்டு, பெட்டியின் மூடியைச் சுற்றி, ஒரு புத்தகத்தின் முதுகை ஒட்டுவதுபோல் நிதானமாக ஒட்டினார்.

"இதைக் கிழிச்சா எனக்குத் தெரியும்" என்றார். "முப்பது வருஷமா ஒட்டுறேன். திருப்பி ஒட்டினாலும் தெரியும்."

அக்கா கிழிக்கவில்லை. மேசையைச் சுற்றி நடந்தார். மாமா தரையில் விரல் வைத்துக் காட்டிச் சொன்னார், உன் கால் பட்டே இங்கே ஒரு தடம் விழுந்திருக்கும் என்று. மறுநாள் காலைக்குள் ஆறு குஞ்சுகள் வெளியே வந்து, ஒன்றன்மேல் ஒன்று இடறி விழுந்துகொண்டிருந்தன. முதல் இரண்டு நாள் அவற்றுக்குத் தீனிகூட வேண்டாம், வயிற்றில் மஞ்சள்கரு இருக்கிறது, காயட்டும் என்று அதற்கும் ஒருநாள் காத்தார்கள். பிறகுதான் மாமா பட்டையை வெட்டினார். மீதிப் பன்னிரண்டு முட்டையில் ஒன்றும் வரவில்லை. இந்த முறை அக்கா அவற்றை உடைக்கவில்லை.

ஆறில் ஒன்றுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, தரையில் தவளை மாதிரிக் கிடந்தது. நிற்க முடியவில்லை. மாமா அதே பைண்டிங் துணியில் மெல்லிய பட்டை வெட்டி, இரண்டு காலையும் சரியான இடைவெளியில் சேர்த்துக் கட்டினார். ஐந்து நாளில் அது நடந்தது, கொஞ்சம் பெருமைக்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அதற்குத் தாசில்தார் என்று பெயர் விழுந்தது.

நாலு வாரம் நன்றாகத்தான் போனது. அக்கா தொலைபேசியில் பேசுகிற பேச்செல்லாம் தீனி, தண்ணீர், குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற பல்பு. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆறு நாள் விடாத மழை. கூண்டுக்குள் சாரல் அடித்துக் காகித நறுக்கு ஊறிப்போனது. மேலே காய்ந்ததைப் போட்டார், அடியில் ஈரம் அப்படியே இருந்தது. ஏழாம் நாள் காலை இரண்டு குஞ்சு இறகைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நின்றன. எச்சத்தில் ரத்தம்.

அக்கா நனைந்த செருப்போடு, குஞ்சுகளை ஒரு ஷூ பெட்டியில் வைத்துக்கொண்டு, கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே ஒரே கூட்டம். ஒருத்தர் மடியில் வண்டியில் அடிபட்ட நாய். அந்த ஆள் யாரையும் நாயைத் தொடவிடாமல், யாராவது ஏதாவது செய்யுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். கம்பவுண்டரால் கிட்டே போக முடியவில்லை. அக்கா ஷூ பெட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டு அந்த ஆளுக்கு எதிரே போய் நின்றாராம். இதைக் கம்பவுண்டரே பின்னால் என்னிடம் சொன்னார்.

"சரி, நான் இருக்கேன். இது பேர் என்ன?"

அந்த ஆள் நாயின் பெயரைச் சொன்னார். எத்தனை வயது என்று கேட்டார், சொன்னார். கையை இப்படிக் கழுத்துக்கடியில் வையுங்கள், இவர் பின்னங்காலை மட்டும் பார்ப்பார், நீங்கள் அதோடு பேசிக்கொண்டே இருங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கம்பவுண்டருக்கு வழி விட்டார். நாய் உள்ளே போனது. அக்கா திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது ஒரு குஞ்சு விறைத்திருந்தது.

ரத்தக்கழிச்சல் என்றார் கம்பவுண்டர். ஈரத்தில் வளர்கிற கிருமி, நாலு வாரக் குஞ்சுக்குத்தான் இது எமன். தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். மீதிக் குஞ்சுகளுக்கும் கொடுக்கச் சொன்னார். ஊறிய நறுக்கை முழுக்க அள்ளி எறிந்துவிட்டுக் கூண்டைக் காயவைக்கச் சொன்னார். அன்றைக்கு மாமாவும் அக்காவும் அடுப்புச் சூட்டில் காகிதம் காயவைத்தார்கள். மறுநாள் இன்னொன்று போனது. நாலு தேறியது. தாசில்தாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தேறிய நாலும் வளர்ந்து, கொண்டை சிவந்து, ஒருநாள் விடியலில் ஒன்று தொண்டையைச் செருமிப் பார்த்தது. அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்த வாரம் மூன்று. மூன்றும் சேவல், தாசில்தார் மட்டும்தான் பெட்டை. மூன்று சேவலும் போட்டி போட்டுக்கொண்டு கூவியதில் அக்காவின் காதுச் சீறல் இன்னும் ஏறியது, ஆனாலும் அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னது பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரர். ராத்திரி சவாரி முடித்துவிட்டு அதிகாலையில் வந்து படுக்கிற ஆள். வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, ரொம்பச் சங்கடத்தோடு கேட்டார்.

"அக்கா, நான் டூட்டி முடிச்சுப் படுக்குறப்பதான் உங்க ஆளுங்க டூட்டிக்கு வர்றாங்க. ஏதாவது பண்ண முடியுமா?"

மூன்றையும் முட்டைக்காரரிடம் கொண்டுபோய் விட்டார்கள். அவருடைய உறவினர் வீட்டில் திரியும், சட்டிக்குப் போகாது என்று உறுதி வாங்கிக்கொண்டார் அக்கா. அது எவ்வளவு நாள் உறுதி என்று மாமா கேட்கவில்லை. ஆறு மாதம் உயிரைக் கொடுத்து, மிஞ்சியது ஒரே ஒரு பெட்டை. அதையும் பழைய செம்பட்டைக் கோழி கொத்தி விரட்டியது. அந்த வாரம் நான் போனபோது, போதும் அக்கா, விட்டுவிடுங்கள் என்றேன். அவர் கூண்டுக் கம்பியை முறுக்கிக்கொண்டே, விட்டுவிட்டு என்ன பண்ணுவது, அலமாரியை நகர்த்துவதா என்று கேட்டார்.

நாய் விவகாரத்துக்குப் பிறகு கம்பவுண்டருக்கு அக்காமேல் ஒரு மரியாதை. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற ஆள் நின்றுவிட்டபோது கேட்டு அனுப்பினார். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை, ஹெட்போன் கிடையாது, வருகிறவர்கள் நேரில் நிற்பார்கள். அக்கா இடது பக்கம் ஆட்கள் நிற்கிறமாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாடு, ஆடு, பூனை, ஒரு நாள் யாரோ ஆமை. அந்த இரைச்சலில் காதுக்குள் இருப்பது கேட்பதில்லை என்றார்.

வெயில் காலம் வந்தது. செம்பட்டை மறுபடி பெட்டிக்குள் ஏறி உறுமியது. அக்கா இரண்டு நாள் யோசித்தார். சேவல்களைக் கொண்டுபோய் விட்ட வீட்டிலிருந்தே ஒன்பது முட்டை வாங்கி வைத்தார். வைத்த அன்றே மாமாவிடம் சொல்லிவிட்டாராம், எட்டாம் நாள் ஒருதடவை டார்ச் அடிப்பேன், அதைத் தவிரப் பெட்டிப் பக்கம் வந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள் என்று. மாமா நாலைந்து தடவை இழுத்துக்கொண்டு போகவேண்டி வந்தது. ஒருதடவை ஆஸ்பத்திரியிலிருந்து பாதி வேலையில் வந்து, மறந்துபோன குடையை எடுக்க வந்ததாகச் சொன்னார். அன்று மேகமே இல்லை.

இருபத்தோராம் நாள் மாமா அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தார். அக்கா ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனார், போனைக் கையிலேயே வைத்திருந்தார். போன் வரவில்லை. ஒன்றேகாலுக்கு வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்தார். செம்பட்டையின் இறகுக்கு அடியிலிருந்து ஏழு தலை எட்டிப் பார்த்தது. எல்லாம் காய்ந்து, பஞ்சாகி, முடிந்துபோயிருந்தது. மாமா கல்லில் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தார்.

"எப்ப வந்துச்சு?"

"முதல் ஆளு பத்து மணிக்கு."

"ஒரு போன் பண்ண முடியலையா?"

"பண்ணியிருந்தா வந்திருப்ப. வந்திருந்தா தூக்கிப் பாத்திருப்ப."

அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பசை காயட்டும் என்று விடுகிறமாதிரி விட்டுவிட்டார். மூன்றாம் நாள் ஒரு பூனை மதில்மேல் வந்து நின்றதும் அக்காவே, ஏங்க, அந்தக் கம்பை எடுங்க என்றார். அந்தப் பூனை ஒரு குஞ்சைக் கொண்டுபோய்விட்டது. பத்து நாள் கழித்துப் பருந்து ஒன்றைத் தூக்கியது. கொல்லைக்கு மேலே பழைய மீன்வலை கட்டினார்கள். அதில் ஒரு காக்கை மாட்டிக்கொண்டு, ஊர்க் காக்கையெல்லாம் கூடி, அது தனிக் கதை. ஐந்து குஞ்சு மிச்சம். எத்தனை சேவல் என்று இன்னும் தெரியவில்லை. டாக்ஸிக்காரர் அவ்வப்போது வேலியில் எட்டிப் பார்த்துக் கொண்டைகளை எண்ணிவிட்டுப் போகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். அக்கா டீ போட்டுக்கொண்டு வந்து கொல்லைப்படியில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். எழுந்து போய்த் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு கிழக் குதிரையைப் பற்றி ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, வலையில் ஒரு கண் அறுந்திருக்கிறதா பாரு என்றார். பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. குதிரைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். நாளைக்கு மறுபடி கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம், தெரியும் என்றார்.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவர் டீயைத் தரையில் வைத்துவிட்டுக் கூண்டுப் பக்கம் போய்க் குனிந்தார்.

"மழை வரும்போல இருக்கு. கூண்டை உள்ள இழுத்துடலாம், நீ அந்தப் பக்கம் பிடி."

நான் அந்தப் பக்கம் பிடித்தேன். உள்ளே ஐந்தும் ஒரு மூலைக்கு ஓடின, பிறகு மறு மூலைக்கு. மாமா கதவை அகலத் திறந்து பிடித்தார்.